கை மீண்ட வரலாறு: மார்பக அறுவை சிகிச்சையும் மான்குர்த் பெண்களும்

சங்க மலருக்கு இந்த ஆண்டு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். மும்பைத் தமிழர் வரலாறு என்றாலே தாராவியின் தோல் பதனிடும் கூடங்கள், மாட்டுங்காவின் கோயில்களும் கல்விக் கழகங்களும், துறைமுகம், பஞ்சாலை என்று ஒரு தடம் ஏற்கெனவே விழுந்துவிட்டது. அந்தத் தடத்தில் நடக்க என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருளைச் சொன்னபோது மலர்க் குழு நண்பர் ஒருவர், “டீச்சர், இதுல வரலாறு எங்க இருக்கு? இது டாக்டர் எழுத வேண்டிய விஷயமில்லையா?” என்றார்.

இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண், அந்தப் பக்கத்துக் கையை மறுபடி தூக்கவும் மடக்கவும் சுமக்கவும் எப்படிக் கற்றுக்கொண்டாள் என்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பால்டிமோரில் தொடங்கி நியூயார்க், அடையாறு, பரேல் வழியாக அது நம் மான்குர்த் தண்ணீர்க் குழாயடி வரை வருகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். என்னிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார்கள் சிலர் இந்த வரலாற்றுக்குள் வாழ்ந்தவர்கள் என்பதால், எழுத எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மார்பில் செய்த ஆபரேஷனுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்கிறார்கள். காலில் முள் குத்திப் புண்ணானால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? அந்த நெறிதான் நிணநீர்க் கணு. அக்குளிலும் அதே போன்ற கணுக்கள் கூட்டமாக இருக்கின்றன. கையில் ஊறும் நிணநீர் அவற்றின் வழியாகத்தான் வடிந்து இரத்தத்துக்குத் திரும்புகிறது. மார்பகத்தில் தோன்றிய புற்று வெளியே கிளம்பினால் முதலில் போய்த் தங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே மார்பகத்தில் கைவைக்கும் டாக்டர் அக்குளையும் பார்க்க வேண்டியிருக்கிறது. வடிகாலை எடுத்துவிட்டால் வயலில் தண்ணீர் தேங்கும். கை வீங்குவது அப்படித்தான். இது ஒரு தொல்லை. தழும்பு இறுகித் தோள்பட்டை பிடித்துக்கொள்வது இன்னொன்று. மேல் கையின் உட்புறத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு அறுபட்டால் அந்த இடம் மரத்துப்போகும். சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் தந்தி கட்டியது போல ஒரு கயிறு இழுத்துக்கொண்டு நிற்கும். கையை நீட்டினால் சுண்டும்.

இனி வரலாறு. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் தம்முடைய அறுவை முறையை விவரித்து எழுதினார். மார்பகம், அதற்கடியில் இருக்கும் பெரிய மார்புத் தசை, அக்குளின் கணுக்கள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்துவிடுவது அவர் வழி. அதற்கு முன் அறுத்த இடத்திலேயே புற்று திரும்ப முளைப்பது சர்வசாதாரணம். அதை அவர் முறை வெகுவாகக் குறைத்தது என்பதை மறுக்க முடியாது. அதனால்தான் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் உலகம் முழுவதும் அதையே கடைப்பிடித்தார்கள். விலை கொடுத்தது கை. 1921இல் ஹால்ஸ்டெட் தாமே இந்தக் கை வீக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அதற்கு ‘எலிஃபண்டியாசிஸ் கிருர்ஜிகா’ என்று பெயர் சூட்டினார். நம் மொழியில் சொன்னால் கத்தி தந்த யானைக்கால். கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு யானைக்காலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அங்கே வடிகாலைக் கெடுப்பது கொசு கொண்டுவரும் புழு. இங்கே டாக்டரின் கத்தி. வீங்கும் விதம் ஒன்றுதான்.

என் பெரியம்மாவுக்கு 1983இல் வலது மார்பகத்தை எடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. டிஸ்சார்ஜ் ஆன அன்று சொன்னது ஒரே வாக்கியம்: “இந்தக் கையால கனம் தூக்கக் கூடாது.” எத்தனை நாளைக்கு, எவ்வளவு கனம், கனம் தூக்காமல் வேறு என்ன செய்யலாம் என்பதெல்லாம் யாரும் சொல்லவில்லை. பெரியம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். கையை முந்தானைக்குள் மடக்கி, கைக்குழந்தையைப் பொத்தி வைப்பது போல வைத்துக்கொண்டாள். ஆறே மாதத்தில் தோளுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. காதுக்கு மேல் கை எழும்பாது. தலை சீவிவிட மகள் வேண்டும். சட்டை கொக்கி மாட்ட மகள் வேண்டும். கொடியில் துணி காயப்போட முடியாது. வீட்டுக்குத் தண்ணீர் வேண்டுமே, அதை இடது கையால் தூக்கினாள். இரண்டு வருஷத்தில் இடது தோளும் வலிக்கத் தொடங்கியது. திருநெல்வேலிப் பேச்சு மாறாமல் சொல்வாள்: “ஒரு கை போனா மறு கை இருக்குன்னு நெனச்சேன் ஏட்டி. அதுவும் இப்பம் மக்கர் பண்ணுது.” அதற்குப் பிறகு பதினேழு வருஷம் இருந்தாள். நோய் திரும்ப வரவில்லை. கையும் திரும்ப வரவில்லை.

அந்த ஒற்றை வாக்கியத்துக்கு மாற்று வாக்கியம் அன்றைக்கே உலகத்தில் இருந்தது என்பதுதான் எனக்கு மனத்தாங்கல். 1952இல் நியூயார்க்கில் தெரேஸ் லாசர் என்ற பெண்மணிக்கு மார்பகம் அகற்றப்பட்டது. அவர் கணவர் வருமான வரி வழிகாட்டிப் புத்தகங்களுக்குப் பெயர்போனவர், வசதிக்குக் குறைவில்லை. ஆனாலும் ஆபரேஷனுக்குப் பிறகு கையை என்ன செய்வது, என்ன உடுத்துவது, கணவரிடமும் பிள்ளைகளிடமும் என்ன சொல்வது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரே பயிற்சிகளைத் தேடித் தொகுத்துக்கொண்டு, மற்ற நோயாளிப் பெண்களின் படுக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தார். கையில் ஒரு பை. அதற்குள் கயிறு கட்டிய ஒரு பந்து, தற்காலிகமாக மார்பில் வைத்துக்கொள்ள ஒரு மெத்தை, ஒரு கடிதம். ‘ரீச் டு ரெகவரி’ என்று பெயர்பெற்ற அந்த இயக்கத்தில், போய்ப் பேசுகிறவர் தாமே அந்த ஆபரேஷனுக்கு உள்ளானவராக இருக்க வேண்டும் என்பது விதி. டாக்டர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதைத் தன் சொந்தத் திட்டமாகவே ஏற்றுக்கொண்டது.

அதே 1952ஆம் ஆண்டு அக்டோபரில்தான் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனைக்கு நேரு அடிக்கல் நாட்டினார். தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முப்பதாண்டுக் கனவு அது. 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அடுத்த ஆண்டு டாக்டர் வி. சாந்தா அங்கே சேர்ந்தார். 2021 ஜனவரியில் மறையும் வரை அதுவே அவர் வீடு. நம் குடும்பங்களில் ஒருத்திக்கு இந்த நோய் என்று தெரிந்ததும் “ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரலாமா, இல்ல பரேலா?” என்று வருகிற வாக்குவாதம் நாம் எல்லோரும் கேட்டதுதான். ஊர் என்பதற்கு அங்கே அடையாறு என்று பொருள்.

பரேலின் கதை இன்னும் பழையது. சர் தோராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் 1931இல் இரத்தப் புற்றால் இறந்தார். மறு ஆண்டு தோராப்ஜியும் போய்விட்டார். அவர் பெயரிலுள்ள அறக்கட்டளை கட்டிய டாட்டா நினைவு மருத்துவமனை 1941 பிப்ரவரி 28இல் திறக்கப்பட்டது. 1957இல் மத்திய சுகாதார அமைச்சகம் எடுத்துக்கொண்டது. 1962இல் அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. புற்றுக்குக் கதிர்வீச்சு முக்கிய சிகிச்சை என்பதால் இந்தச் சம்பந்தம்.

மான்குர்த் வாசியான எனக்கு இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்காமல் போக மனமில்லை. ட்ராம்பே அணு ஆராய்ச்சி மையத்தின் பக்கத்திலிருந்த ஜனதா காலனியில் நம்மவர்கள் ஏராளம். அந்தக் காலனி 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், இடித்துத் தள்ளப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேரைச் சீட்டா கேம்ப்புக்கு மாற்றினார்கள். அதை எதிர்த்து நின்றவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர் ஜோகின் அற்புதம், பிற்பாடு 2000இல் மகசேசே விருது பெற்றவர், 2018இல் காலமானார். எங்கள் வீடுகளை எடுத்த அணு ஆராய்ச்சி மையமும் எங்கள் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கும் பரேல் மருத்துவமனையும் ஒரே துறையின் கீழ் இருப்பவை. திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மையத்தின் விஞ்ஞானிகள் உருவாக்கிய ‘பாபாட்ரான்’ என்ற கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் 2005இல் கார்கரில் உள்ள டாட்டா நிலையத்தில் முதலில் நிறுவப்பட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மார்புக்குக் கதிர்வீச்சு வாங்கும் பெண் வழக்கமாகக் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி அசையாமல் படுக்க வேண்டும். தோள் பிடித்துக்கொண்ட பெண்ணால் அது முடியாது. கை எழும்பாவிட்டால் அடுத்த சிகிச்சையே தடுமாறும். பயிற்சி என்பது கடைசியில் ஒட்டவைக்கும் அலங்காரம் அல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

பயிற்சி கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்ட் எங்கிருந்து வந்தார்? அதுவும் பரேல்தான். 1950களின் தொடக்கத்தில் பம்பாயில் போலியோ பரவியது. பிள்ளைகளின் காலைத் தேற்ற ஆள் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு கே.ஈ.எம். மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பிசியோதெரபிப் பள்ளி உருவானது. 1955இல் ஹாஜி அலியில் அகில இந்திய உடலியல் மருத்துவ, மறுவாழ்வு நிறுவனம் வந்தது. கே.ஈ.எம்.முக்கும் டாட்டாவுக்கும் நடந்து போகிற தூரம். குழந்தைகளின் கால்களுக்காக வந்த கலை, காலப்போக்கில் தாய்மார்களின் கைகளுக்கும் வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் கத்தியும் சுருங்கிக்கொண்டே வந்தது. லண்டனில் பேட்டி என்ற டாக்டர் 1948இல் பெரிய மார்புத் தசையை விட்டுவைத்தே மார்பகத்தை எடுக்கும் முறையை வெளியிட்டார். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1971இல் தொடங்கிய ஆய்வில், ஹால்ஸ்டெட் முறையில் எல்லாம் எடுத்தவர்களும் குறைவாக எடுத்தவர்களும் ஒரே அளவுதான் உயிர் வாழ்கிறார்கள் என்று தெரிந்தது. இத்தாலியில் வெரோனேசி 701 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 1981இல் வெளியாகி, சிறிய கட்டியாக இருந்தால் மார்பகத்தை முழுதாக எடுக்காமல் ஒரு பகுதியை எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தாலே போதும் என்று காட்டியது. 1990களில் அக்குளுக்கும் விடிவு வந்தது: சாயமோ கதிரியக்கத் துளியோ செலுத்தி, புற்று முதலில் எட்டக்கூடிய காவல் கணுவை மட்டும் எடுத்துப் பார்ப்பது, அது சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொடாமல் விடுவது. அதற்கான கருவி எல்லா ஊரிலும் இருக்காது என்பதால், அக்குளின் கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்துச் சோதிக்கும் எளிய வழியைப் பரேல் டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். இந்தச் சுருக்கம் கைக்கு எவ்வளவு நல்லது செய்தது? உலக ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான கணக்குப்படி, அக்குள் முழுவதையும் துப்புரவு செய்தவர்களில் ஏறக்குறைய 20 சதவீதம் பேருக்குக் கை வீங்குகிறது. காவல் கணுவோடு நிறுத்திக்கொண்டவர்களில் அது 6 சதவீதத்துக்கும் குறைவு.

ஆனால் கட்டி சிறியதாக இருக்கும்போதே டாக்டரிடம் போனால்தான் இந்தச் சலுகை. நம்மவர்களோ “அந்த இடத்துல ஒரு கட்டி” என்று சொல்லவே ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறார்கள். மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1998இல் டாட்டா மருத்துவமனை தொடங்கிய ஆய்வில் ஒன்றரை லட்சம் பெண்கள் இருந்தார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பெண் பணியாளர்கள், பாதிப் பேருக்குக் கையாலேயே தடவிப் பார்த்துச் சோதித்தார்கள். இருபது ஆண்டு முடிவு 2021இல் வந்தது. சோதிக்கப்பட்டவர்களில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களிடையே இந்த நோயால் வரும் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. மெஷின் இல்லை, மின்சாரம் இல்லை. ஒரு பெண்ணின் விரல் நுனி.

மறுபடியும் பெரியம்மாவுக்குச் சொல்லப்பட்ட வாக்கியத்துக்கு வருகிறேன். ‘கனம் தூக்கக் கூடாது’ என்பது ஒரு ஊரின், ஒரு டாக்டரின் அறிவுரை அல்ல. உலகம் முழுக்க அப்படித்தான் சொன்னார்கள். வேலை கூடினால் கைக்கு இரத்த ஓட்டம் கூடும், நிணநீர் கூடும், வடிகால் தாங்காது என்பது கணக்கு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேத்ரின் ஷ்மிட்ஸ் என்பவர் சோதித்தார். ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களில் பாதிப் பேரை வாரம் இரண்டு முறை எடை தூக்க வைத்தார். மிகக் குறைந்த எடையில் தொடங்கி, கை ஒத்துழைத்தால் மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டி, இறுக்கமான கை உறை அணிந்து, முதல் 13 வாரம் ஆள் மேற்பார்வையில். ஓராண்டு கழித்துப் பார்த்தால் அவர்களுடைய வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவது தூக்காதவர்களில் 29 சதவீதம் பேருக்கு நேர்ந்தது. தூக்கியவர்களில் 14 சதவீதம்தான். 2009இல் இது வெளியானது. ஐம்பது ஆண்டு நம்பிக்கை தலைகீழானது. பிறகு இங்கிலாந்தில் 17 மருத்துவமனைகளில் 392 பெண்களிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வும், ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் பத்து நாளிலேயே முறையான பயிற்சியைத் தொடங்கியவர்களுக்கு ஓராண்டு கழித்துக் கை நன்றாக வேலை செய்கிறது என்றது.

மான்குர்த்தில் இதன் அர்த்தம் வேறு. இங்கே எங்கள் பக்கத்தில் குழாய் வரும் நேரம் குழாயின் இஷ்டம். பெண்கள் தூக்கும் கேன் 35 லிட்டர், அதாவது 35 கிலோ. மறுகுடியேற்றக் கட்டடங்களில் லிஃப்ட் ஓடாத நாளில் அதோடு மாடிப்படி வேறு. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கும், விடியற்காலையில் இட்லிக் குண்டானை இறக்கிவைக்கும் பெண்ணுக்கும் ‘தூக்காதே’ என்று சொல்வது ‘சாப்பிடாதே’ என்று சொல்வதற்குச் சமம். அவர்கள் எப்படியும் தூக்கத்தான் போகிறார்கள். தூக்கக் கூடாது என்ற பயத்தோடு மூன்று மாதம் கையைச் சும்மா வைத்திருந்துவிட்டு, வீட்டு நிலைமை பொறுக்காமல் ஒருநாள் திடீரென்று 35 கிலோவைத் தூக்கினால் கை என்ன செய்யும்? ஆய்வு சொல்வது அதையல்ல. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கி, ஒரு லிட்டர், சின்ன குடம் என்று படிப்படியாக ஏறச் சொல்கிறது. நாம் சங்கக் கூட்டங்களில் பெண்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி இந்தப் படிதான். ஒவ்வொருத்தியின் படியையும் அவளைப் பார்த்த டாக்டரும் பிசியோதெரபிஸ்டும்தான் வகுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வேறு சில சங்கதிகளும் உண்டு. அந்தக் கையில் மீன் நறுக்கும்போது வெட்டுப்பட்டாலோ, தோல் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். வளையல் திடீரென்று இறுகுவதுதான் வீக்கத்தின் முதல் தகவல். நம் பெண்கள் அதை “உடம்பு வச்சிருச்சு” என்று எண்ணிப் பெரிய வளையல் வாங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்றைச் சொல்லக் கொஞ்சம் தயக்கம். சொல்லிவிடுகிறேன். ஒரு மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்தவளைப் பத்தினித் தெய்வம் என்று போற்றுகிற இனம் நம்முடையது. 1968இல் மெரினாவில் அவளுக்குச் சிலை வைத்தோம். 2001இல் அதை எடுத்தபோது கொதித்தோம்; 2006இல் திரும்ப வைத்தபோது மகிழ்ந்தோம். ஆனால் நம் தெருவில் ஒரு மார்பை நோய்க்குக் கொடுத்துவிட்டு வந்த பெண் கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள். பஞ்சும் பழந்துணியும் வைத்துத் தைத்த உள்ளாடை விலகிவிடுமோ என்று ஒரு கையை எப்போதும் மார்போடு அணைத்தே நடக்கிறாள். தோள் குனிந்து இறுகுவதற்கு இந்தக் கூச்சமும் காரணம். இதை எனக்குச் சொன்னவர் ஒரு பிசியோதெரபிஸ்ட்: “கையை நிமிர்த்த முதல்ல ரவிக்கையைச் சரி பண்ணணும்.” சிலிகான் மார்பகம் ஆயிரக்கணக்கில் விலை. பருத்தி நூலில் கிரோஷா ஊசியால் பின்னி உள்ளே பஞ்சு அடைத்த இலேசான மார்பகங்களை மும்பையில் தன்னார்வப் பெண்கள் செய்து இலவசமாகவே தருகிறார்கள். நம் மகளிர் அணியில் கோலமும் கொலுவும் நடத்துகிறவர்களுக்குக் கிரோஷா தெரியாதா என்ன?

பரேல் மருத்துவமனை இன்னொரு ஆய்வையும் செய்தது. 850 பெண்களில் பாதிப் பேருக்கு வழக்கமான உடற்பயிற்சி, மற்றவர்களுக்கு அதோடு யோகா. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் சான் அன்டோனியோ மாநாட்டில் முடிவை வைத்தார்கள். யோகா செய்தவர்களிடம் நோய் திரும்பாமல் இருப்பதில் 15 சதவீதமும் உயிர் வாழ்வதில் 14 சதவீதமும் ஒப்பீட்டு முன்னேற்றம் என்று அறிவித்தார்கள். உடனே யோகா புற்றைக் குணப்படுத்தும் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கத்தி, மருந்து, கதிர் எல்லாம் பெற்ற பெண்கள் இவர்கள். என் கண்ணில் படுவது வேறு: புற்றுநோய் மருத்துவமனை ஒன்று, நோயாளி வீட்டில் தரையில் பாய் விரித்துச் செய்கிற அசைவைச் சிகிச்சையாக மதித்து, எண்ணிக் கணக்கெடுத்திருக்கிறது. பெரியம்மா காலத்தில் அது ஒரு வாக்கியத்துக்குக்கூடப் பெறவில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் செய்த ஒரு சிறு வேலையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சியை இந்தியிலும் மராத்தியிலும் சொல்லித்தருகிறார்கள். காகிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பாதி மறந்துவிடுகிறது. என் பழைய மாணவியின் அம்மா ஒருவர், இட்லி வியாபாரம் செய்பவர், அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து “தமிழ்ல எழுதித் தாங்க டீச்சர்” என்றார். அவருடைய பிசியோதெரபிஸ்டிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்து எழுதினேன். மருத்துவச் சொல்லை மொழிபெயர்த்தால் யாருக்கும் நினைவிருக்காது. அதனால் பெயர்களை நாங்கள் இருவருமே வைத்தோம். சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மேலே மேலே ஏறுவது ‘பல்லி’. எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும்; அவர் வீட்டுச் சுவரில் பிள்ளைகளின் உயரக் கோடுகளுக்குப் பக்கத்தில் அம்மாவின் கோடுகளும் ஏறிக்கொண்டு போயின. குனிந்து நின்று கையைத் தளர்வாக ஆட்டுவது ‘தொட்டில்’. கதவுக்கு மேல் கயிறு போட்டு நல்ல கையால் இழுத்து நோய்ப்பட்ட கையைத் தூக்குவது ‘கிணத்துக் கப்பி’. பின்கழுத்துக்கு இரண்டு கையையும் கொண்டுபோவது ‘கொண்டை’. முதல் வாரத்தில் வெறுமனே விரலை மூடித் திறப்பதற்கு ‘மாவு பிசைதல்’ என்று நான் எழுதினேன். “மாவு பிசையறதுன்னா உள்ளங்கை அழுத்தணும் டீச்சர், இது சும்மா மூடித் திறக்கறது” என்று திருத்தி, ‘பிள்ளை கை’ என்று வைத்தார். அவர் சொன்னதுதான் சரி.

டிரெயின் விஷயத்தையும் அவர்தான் கிளப்பினார். மான்குர்த்திலிருந்து பரேல் போக ஹார்பர் வண்டி ஏறி, குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி, சென்ட்ரல் வண்டிக்கு மாற வேண்டும். மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம்தான். ஆனால் பிழைப்புக்கு மறுபடி போகும்போது லேடீஸ் டப்பாதான். உட்கார இடம் கிடைக்காது. மேலே தொங்கும் வளையத்தைப் பிடித்தாக வேண்டும். இடது கையில் பை, வலது கையில் வளையம். கை காதைத் தாண்டி எழ வேண்டும், வண்டி உலுக்கும்போது தாங்கவும் வேண்டும். காகிதத்தில் அப்படி ஒரு பயிற்சி இல்லை. பிசியோதெரபிஸ்ட் சிரித்துக்கொண்டே, கதவு நிலையின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடம்பை மெதுவாக முன்னும் பின்னும் சாய்க்கலாம், வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்று சேர்த்துக் கொடுத்தார். இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா சொன்னார்: “இதுக்குப் பேரு ‘குர்லா’ன்னு போடுங்க டீச்சர். எல்லாருக்கும் புரியும்.”